பிளேயருக்குள் மாட்டிய குரல்

எங்கள் மீன்பாடி வண்டி அனகாபுத்தூர் சந்துகளுக்குள் நுழையும் முன்பே அம்மாவின் குரல் நுழைந்துவிடும். "சங்கராஆ... நெத்திலீஈ..." என்று அவள் ஒருமுறை இழுத்தால் அடுத்த தெருவில் குழம்புக்குப் புளியை ஊறப்போட்டுவிடுவார்கள்.

அந்தத் தொண்டையில்தான் ஆபரேஷன் நடந்தது. புரட்டாசியில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள், வியாபாரம் எப்படியும் படுத்துவிடும் என்பதால் அந்த மாதத்தில் செய்துகொள்ள ஒப்புக்கொண்டாள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி உரக்கக் கத்தக்கூடாது என்றார் டாக்டர். கத்த நினைத்தாலும் காற்றுதான் வந்தது.

ஐப்பசி பிறந்ததும் வண்டியை எடுத்தோம். அண்ணன் உதயா மிதித்தான். அம்மா தராசோடு பின்னால் நடந்தாள். கூவ வேண்டியது நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யாராவது பெயர் கேட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் கூவியது பெட்டியில் இருந்த மீனுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

"தமிழு, நீ மீனுக்குத் தாலாட்டு பாட்றியா?" என்றான் உதயா.

அவனே ஒரு சின்ன லவுட் ஸ்பீக்கர் வாங்கி, செல்போனில் தன் குரலைப் பதிந்து, பென் டிரைவில் ஏற்றி மாட்டினான். முதல் தெருவிலேயே ஒரு அக்கா கட்டுக்கட்டாகப் பழைய பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"கிலோ எவ்ளோப்பா?"

"மீனுக்கா கேக்கறே?"

"ஐய, மீனா? பேப்பர்காரன்னு நெனச்சேன்."

அன்று பாதி மீன் கருவாட்டுக்குப் போனது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. "வண்டிய குட்த்துர்லாம். நான் பாத்திரம் தேய்க்கப் போறேன்" என்று அம்மா காற்றாகச் சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் பிளேயர் விஷயத்தைச் சொன்னேன். ஆடி மாதம் ஒருநாள் வண்டிக்குப் பின்னால் நடந்தபோது, நான் பாட்டு கேட்கும் பழைய பிளேயரில் அம்மா கூவுவதைப் பதிந்திருந்தேன். சும்மா ஆசைக்குத்தான். அப்புறம் அதில் இயர்போன் சொருகும் இடம் உடைந்துவிட்டதால் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. ஆனால் திரையில் அந்தப் பதிவு இன்னும் தெரிந்தது. கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்துவிட்டால் போதும்.

பம்மலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஏஞ்சல் அக்காவிடம் மூன்று பேரும் போனோம். வஞ்சிரத்தில் நடுத்துண்டுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிற வாடிக்கை அவர். பிளேயரை ஒயரில் மாட்டினார். பிளேயரில் சார்ஜ் ஏறும் படம் வந்தது. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

"இந்த ஒயர் எங்க வாங்கினது?"

"தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்ல" என்றான் உதயா.

"அதான். சில ஒயர் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும்." தன் மேஜை டிராயரிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். ஒன்றுமில்லை. வேறு துளையில் சொருகினார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தார். எதற்கும் அசையவில்லை.

"உயிர் இருக்கு. பேச்சுதான் இல்ல" என்றார் அக்கா.

அம்மா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"சார்ஜ் ஏறுதுன்னா ஓரத்துக் கம்பி நல்லா இருக்குன்னு அர்த்தம். நடுவுல இருக்கிற கம்பிதான் கம்ப்யூட்டரோட பேசும். அங்கதான் ஏதோ கோளாறு."

நான் செல்போன் வெளிச்சத்தைப் பிளேயரின் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. அதன்மேல் சிவப்பாக ஒரு புள்ளி.

"அம்மா, ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சியா?"

அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். தராசு, கத்தி, வண்டிச் சக்கரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவள் பிளேயரை மட்டும் விடுவாளா? முன்பக்கம் கண்ணாடி கெட்டுப்போகும் என்று யோசித்து, அடியில் வசதியாக இருந்த துளையில் வைத்திருக்கிறாள்.

"அடப்பாவமே, சாமி வாயையே அடைச்சுட்டாரு!" என்றான் உதயா. அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் அம்மாவின் தாலிச் சங்கிலியிலிருந்த ஊக்கைக் கேட்டேன். "இரும்பு வேணாம், கம்பி வளைஞ்சிடும்" என்று தடுத்தார் அக்கா. கடைத் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, முனையில் பஞ்சு இழையைச் சுற்றி, மெஷின் துடைக்க அக்கா வைத்திருந்த ஸ்பிரிட்டில் தோய்த்தேன். சந்தனத்தை அழிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ஊதி உலர்த்தி மாட்டினோம். டிங்! மூன்று பேரும் குனிந்தோம். எந்தச் சாதனம் என்று தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

"தெரியலன்னாலும் ஏதோ வந்திருக்குன்னு தெரிஞ்சுடுச்சு இல்ல? இன்னொரு தடவை துடை" என்றார் அக்கா.

இந்த முறை பஞ்சு வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்தேன். மாட்டினேன். டிங்! திரையில் ஒரு பெட்டி திறந்தது. அக்கா முதல் வேலையாக அந்தப் பதிவைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தார். பிறகுதான் அழுத்தினார்.

"சங்கராஆ... நெத்திலீஈ..."

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கை தட்டினேன். நாலு பேர் பார்க்க நான் கை தட்டியது அதுதான் முதல் தடவை. முழுவதும் கேட்க எங்களுக்குப் பொறுமையில்லை. பென் டிரைவை வாங்கிக்கொண்டு ஓடினோம்.

மறுநாள் காலை ஸ்பீக்கர் கூவியதும் கதவுகள் திறந்தன. "பச்சையம்மா, தொண்ட சரியாப் போச்சா?" என்று தட்டோடு வந்தார்கள். அம்மா ஸ்பீக்கரைக் காட்டிவிட்டுத் தராசை எடுத்தாள். அப்போது பதிவில் கூவல் நின்று வேறொன்று ஆரம்பித்தது.

"இன்னாது, பாதி வெலைக்கா? கோவளத்துக்கு பஸ் கீது, ஏறிப் போய் நீயே வலையப் போடு!"

தெருவே சிரித்தது. உதயா அணைக்கப் பாய்ந்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

நீலக் கேட்டு வீட்டுச் செல்லியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "அடியே, அது என்னத் திட்டினதாச்சே! ஊருக்கே போட்டுக் காட்றியா?"

நான் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரோ தட்டை நீட்டினார். "உன் வாய் இல்லாம தெரு தெருவாவே இல்லடி. அர கிலோ சங்கரா போடு. வெல கேக்க மாட்டேன்."

திருநீர்மலை ரோட்டைத் தொடும் முன்பே பெட்டியில் ஐஸ் மட்டும்தான் மிச்சம். வெறும் வண்டிக்கு எதற்குக் கூவல் என்று உதயா மறுபடி ஸ்பீக்கரை அணைக்கப் போனான். அம்மா விடவில்லை. வீடு வந்து சேரும்வரை மீனே இல்லாத வண்டி சங்கரா, நெத்திலி என்று கூவிக்கொண்டே வந்தது.