இருபத்தைந்து படிகள்

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை ஏழே கால் மணிக்கு, அலிபிரி அடிவாரத்தில் திருமலைப் பேருந்தில் தாட்சாயணி ஏறினார். நகரியிலிருந்து அவருடன் வந்த பஜனைக் குழுவின் மற்ற முப்பது பேரும் படி வழியாகப் போனார்கள்.

படிக்குப் படி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுவது அந்தக் குழுவின் வருடாந்திர வேண்டுதல். ஆளுக்கு நூற்றுச் சொச்சம் படி பங்கு. தாட்சாயணி வாங்கிக்கொள்வது அடிவாரத்தின் முதல் இருபத்தைந்து. விடிவதற்கு முன்பே தொடங்கி, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். பிறகு பேருந்து. ஆறு வருடமாக இதுதான் நடைமுறை. பெருமாள் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

அவர் ஆந்திரத்தின் எல்லை ஊரான நகரியில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தமிழ் வழி மூன்றாம் வகுப்பு. வயது நாற்பத்தொன்று. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கண் மங்கியது, பிறகு இடது கால் மரத்தது. எம்.எஸ். என்று வேலூரில் பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய். அதற்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது; குளிர்ந்தால் மறுபடி கேட்கும். ஊர் இதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வைத்தது. சுவரொட்டி வைத்தியர்கள் அதே பெயரில் வேறொன்றுக்கு மருந்து விற்பதால், விசாரிக்க வந்தவர்களில் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தாட்சாயணி தாழ்த்தவில்லை. தரைத்தளத்தில் வகுப்பறை கேட்டு வாங்கினார். ஊசி மருந்தைக் குளிர்பெட்டியில் மோருக்குப் பக்கத்தில் வைத்தார். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வள்ளி, தினமும் இரண்டு மணிக்கு ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுடன் வருவாள். மாலையில் தறிப் பெண்கள் மூன்று பேர் முறை வைத்து அவரை வீடு சேர்ப்பார்கள். கணவர் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார், ஞாயிறுகளில் வருவார். திங்கட்கிழமை பஜனையில் ஏர்கூலருக்கு நேர் எதிரே அவருக்கு இடம். பல்லவியை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்பார். அது உபசாரமாகச் சொன்ன பதில் அல்ல.

குழுத் தலைவர் சடகோபனுக்குப் பதினெட்டு விசைத்தறியும் ஒரு வெள்ளைக் காரும் உண்டு. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் குழுவில் கிடையாது. முதல் பேனர் அடித்தவர் தலைவர். அந்தச் சனிக்கிழமை மதியம் மேலே கடைசிப் படிகளில், ஏற்கெனவே வந்து காத்திருந்த தாட்சாயணியின் கையில் அவர் குங்குமத் தட்டைக் கொடுத்து நிற்கச் சொன்னார். கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்தார். குரலைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து சேர்த்தார்.

மறுநாள் குழுவின் வாட்ஸப்பில் அது வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த நகரி டீச்சர் கோவிந்தன் அருளால் பூரண குணமடைந்து மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது படிகளையும் ஏறிய அதிசயம். பின்னணியில் சங்கொலி.

தாட்சாயணி அவருக்கு போன் செய்தார்.

"சார், நான் பஸ்ஸுல வந்தேன். நீங்க பாத்தீங்களே."

"பஸ்ஸ வுட்டது யாரு? சாமி தானே?"

"படுத்த படுக்கையா நான் எப்ப சார் கெடந்தேன்?"

"ஒரு எபெக்டுக்குத்தான் டீச்சரம்மா. நாலு பேரு பாத்து நம்பிக்கை வெப்பாங்க இல்ல."

"குணமாயிட்டேன்னு வேற சொல்லிக்கிறீங்க."

"ஆவப் போறத முன்னாடியே சொன்னா தப்பா?"

வாரக் கடைசிக்குள் பேருந்து நிலையத்தில் பேனரும் ஏறியது. நடுவில் சடகோபன் கைகூப்பி நின்றார். இடப்புறம் தட்டுடன் தாட்சாயணி. ஏழுமலையானுக்கு மேல் மூலையில் ஒரு தபால் தலை அளவு இடம் ஒதுக்கியிருந்தார்கள். புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்து, மகளுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா, நீங்கள் எந்த மாதம் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். தாட்சாயணி அவரிடம் நாற்பது நிமிடம் பேசினார். நிறுத்தக் கூடாது என்பதை நாலு விதமாகச் சொன்னார். சடகோபனுக்கு அப்படி ஒரு போனும் வரவில்லை. அவருக்கு வந்தவை எல்லாம் பாராட்டு.

ஏப்ரலில் ஆசிரியர் இடமாறுதல் பட்டியல் வேலை தொடங்கியது. மாற்றுத்திறன் சான்றிதழை இந்தப் பக்கத்தில் எல்லோரும் சதரம் என்பார்கள். சதரம் இருந்ததால்தான் தாட்சாயணிக்கு நகரியிலேயே இருக்க முன்னுரிமை கிடைத்து வந்தது. அது போனால் அவருக்குக் காத்திருந்தது கார்வேட்டிநகரத்தையும் தாண்டிய ஒரு கிராமம். இரண்டு பேருந்து, இறங்கிய இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மரமில்லாத ரோடு. அங்கே வள்ளி கிடையாது, ஐஸ் துண்டு கிடையாது.

அந்தக் கிராமப் பள்ளியில் எட்டு வருடமாக ஆசிரியராக இருந்து, நகரிக்கு மாறிவரக் காத்திருந்தவர் வேதாச்சலம். நகரிக்காரர், பஜனைக் குழு உறுப்பினர். அலிபிரியில் தாட்சாயணியின் பையைத் தூக்கிப் பேருந்தில் வைத்தவரே அவர்தான். வீடியோவுக்குக் கீழே முதலில் "கோவிந்தா கோவிந்தா" என்று எழுதியவரும் அவர். பூரண குணமடைந்த ஒருவர் சதரத்தில் முன்னுரிமை பெறுவது பற்றி அவர் சித்தூர் கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதி, வீடியோவையும் இணைத்து அனுப்பினார்.

புகார் விவரம் தெரிந்ததும், திங்கட்கிழமை பஜனைக்கு வந்தவரைத் தாட்சாயணி வாசலிலேயே பிடித்துக் கேட்டார்.

"வீடியோல இன்னா இருக்குதோ அத்தத்தான் எழுதனேன் டீச்சர்," என்றார் வேதாச்சலம். "வீடியோ எடுத்தது நான் இல்லியே."

"பைய தூக்கி பஸ்ஸுல வெச்சது யாரு?"

"அத்த அவங்க கேக்கலியே."

சித்தூர் அலுவலகத்தில் எழுத்தர் தம் கைப்பேசியிலேயே வீடியோவைப் போட்டுக் காட்டினார். "மெட்லன்னீ எக்கேசாரு கதா டீச்சரம்மா" என்றார். படியெல்லாம் ஏறிவிட்டீர்களே என்பது கேள்வி.

"பஸ்ஸுல போனேன் சார்."

அவர் வீடியோவை மறுபடி முழுதாகப் பார்த்தார். "வீடியோலோ பஸ்ஸு லேதம்மா."

வீடியோவில் பேருந்து இல்லைதான். எடுத்தவரிடம் உண்மையை எழுதி வாங்கி வந்தால் கோப்பில் சேர்ப்பதாகவும், இல்லாவிட்டால் மே மாதம் திருப்பதி அரசு மருத்துவமனையில் மறுபரிசோதனை என்றும் சொன்னார்.

சடகோபன் காபி கொடுத்து உபசரித்தார். எழுதித் தர மறுத்தார்.

"ரெண்டு வரி சார். டீச்சர் பஸ்ஸுல வந்தாங்க. அவ்ளோதான்."

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. அதிசயம்னு பேனர் வெச்சிட்டு இப்ப இல்லேன்னு எழுதுனா, சாமி பேரு இன்னா ஆவறது?"

"சாமி பேரா, உங்க பேரா?"

"ரெண்டும் ஒரே பேனர்ல கீது," என்றார் சடகோபன். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

ஆனால் உதவாமல் அனுப்புகிறவர் அல்ல அவர். "ஆஸ்பத்திரில நம்ம ஆளு கீறான். நம்ம கார்லயே போவலாம், ஏசி போட்டுக்கினு. காலைல ஒம்போதரைக்கு மொத ஆளா உள்ள வுட்ருவாங்க. அந்த ரூமும் ஏசி. நீங்க வெயிலே பட வேணாம்."

தாட்சாயணி காபியைக் கீழே வைத்தார். ஏசி காரில் போய், காலை ஒன்பதரைக்கு ஏசி அறையில் நின்றால், அவரால் அந்த அறையில் ஓடவே முடியும். ஒன்பது வருடமாகக் கேட்டும் சடகோபனுக்கு அந்த நோயைப் பற்றி இந்த ஒரு விஷயம் புரியவில்லை. மூன்று மாதத்தில் இரண்டாவது முறையாக, நல்லெண்ணத்தோடு அவர் தாட்சாயணியின் வேலைக்கு உலை வைத்தார்.

"நான் ட்ரெயின்ல போறேன் சார்," என்றார் தாட்சாயணி.

மே 20 அன்று வள்ளியும் இன்னும் இரண்டு தறிப் பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவருடன் ரயிலேறினார்கள். மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் நூற்றுப் பத்துப் பேர். நடக்க முடியாதவர்களுக்கும் பார்க்க முடியாதவர்களுக்கும் ஒரே வரிசை. பாதி தகரக் கூரைக்குக் கீழ், பாதி வெயிலில். குடிநீர்த் தொட்டியில் நன்கொடையாளர் பெயர் இருந்தது, தண்ணீர் இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யாரும் அந்த வரிசையில் நின்று பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வள்ளி ஐஸ் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்தாள். தாட்சாயணி வேண்டாம் என்று கையைப் பிடித்தார்.

"இன்னாத்துக்கு வேணாம்? மூஞ்சி செவந்துகினே போவுது."

"அவங்க பாக்கட்டும்."

"வுழுந்துட்டீங்கன்னா?"

"நீங்க மூணு பேரு இன்னாத்துக்கு வந்துக்கிறீங்க? புடிங்க."

"நல்லா புடிப்போம். ஒங்க வெயிட்டுக்கு இன்னும் ரெண்டு பேரு கூட்டினு வந்துக்கணும்," என்றாள் வள்ளி.

பதினொன்றரைக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. சடகோபன் அழைக்காமலே வந்திருந்தார். வாசல் காவலரிடம் போய், ஒரு டீச்சரம்மாவை இப்படி வெயிலில் நிறுத்தலாமா, உடனே உள்ளே விடு என்று சத்தம் போட்டார். காவலர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"சடகோபன் சார்," என்றார் தாட்சாயணி. நாக்கு லேசாகக் குழறியது. "நீங்க போய் கார்ல உக்காருங்க. ஏசி போட்டுக்குங்க."

"ஒங்களுக்கு நல்லது பண்ணத்தான் வந்தேன்."

"தெரியுது சார். போதும்."

வள்ளி அவரைத் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள். அவளுக்குக் கூலி கொடுப்பவர் அவர்தான். இருந்தும் திருப்பினாள்.

ஒன்றே முக்காலுக்கு அழைத்தார்கள். உள்ளே போக இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவர் முப்பது வயதைத் தாண்டாதவர். கோப்பைத் திறக்குமுன் நோயாளியைப் பார்த்தார். நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் இடது கால் இழுபட்டது. கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையில் மூன்றாவது வரிக்குக் கீழே எதுவும் படிக்க முடியவில்லை. வெயிலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டார். மூன்று மணி நேரம். வள்ளியிடம் ஐஸ் துண்டைக் கேட்டு வாங்கி அவரே தாட்சாயணியின் கழுத்தில் போட்டார். அறையிலேயே முக்கால் மணி நேரம் உட்கார வைத்து, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடி நடக்கச் சொன்னார். தாட்சாயணி சுவர் வரை போய்த் திரும்பினார். ஏழாம் வரியையும் படித்தார்.

இரண்டு முடிவுகளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். புகாருடன் வந்த வீடியோவை உதவியாளர் நீட்டினார். மருத்துவர் அரை நிமிடம் பார்த்தார்.

"இதில் பரிசோதிக்க எதுவும் இல்லை," என்றார்.

வெளியே காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சடகோபன் உள்ளே தூங்கிவிட்டிருந்தார். நான்கு பெண்களும் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

சதரம் பழைய விழுக்காட்டிலேயே உறுதிசெய்யப்பட்டது. ஜூன் இரண்டாம் வாரம் வந்த உத்தரவின்படி தாட்சாயணி நகரிப் பள்ளியிலேயே தொடர்ந்தார். வேதாச்சலம் இருந்த இடத்திலேயே இருந்தார்.