மூன்றாவது நகல்

எதையும் குடைந்து குடைந்து கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. திண்டுக்கல்லில் நானும் தம்பி ராஜ்கமலும் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறோம். பக்கத்துத் தெரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் படுத்து ஒரு முழுக் கல்யாணமே அழிந்துபோனதும், நம் வீடியோக்களை எப்படிக் காப்பது என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

“நெட்டுல ஏத்தி வைக்கலாம்க்கா.”

“ஏத்துனா எங்கலே போகும்? கேட்டா அம்புட்டும் உடனே திரும்பி வருமா?”

“நம்ம லைனுக்கு ஒரு கல்யாணம் ஏறவே நாள் கணக்காகும். எறங்கவும் அப்படித்தான்.”

கடைசியில் மூன்று ஹார்ட் டிஸ்க் என்று முடிவானது. எல்லாவற்றிலும் அதே வீடியோக்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று சின்னாளபட்டி ஜக்கம்மாள் அத்தையின் பீரோவில். கடை தீப்பிடித்தாலும், வீட்டில் திருடன் புகுந்தாலும் அத்தையிடம் ஒன்று இருக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வீடியோக்களில் கன்னிவாடி அய்யம்மாள் மகளின் கல்யாணமும் இருந்தது. எடிட்டிங் இன்னும் முடியவில்லை. அதற்குள் அய்யம்மாளின் கணவர் வேலுசாமி தவறிவிட்டார். அவர் நடந்து, பேசி, சிரிக்கிற படம் வேறு எங்குமே கிடையாது.

ஆயுத பூஜை வந்தது. கேமராக்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தால், சாமி படத்தின் முன்னால் மூன்று டிஸ்க்கும் வரிசையாகச் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தன. பக்கத்திலேயே குத்துவிளக்கு எரிந்தது.

“ஏலே, மூணையும் ஏன்லே ஒண்ணா வச்ச?”

“தொழில் சாமான்ல ஒண்ண மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்? அத்தையே பஸ்ல கொண்டாந்துச்சு.”

“அதுவும் ஆயுதந்தான ஆத்தா,” என்றார் அத்தை. “பூசை போட்டத நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது.”

தீயை யோசித்தேன், திருடனை யோசித்தேன், பண்டிகையை யோசிக்கவில்லையே! என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பூஜைக்கு அழைத்திருந்த அய்யம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல எங்க வீட்டுக்காரரு எதுல இருக்காரு?”

“மூணுலயும் இருக்காரும்மா,” என்றேன்.

விறுவிறுவென்று உள்ளே வந்து ஒரு டிஸ்க்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

“ஐயையோ, தொடக்கூடாதே!” என்று அத்தை பதறினார்.

“சாமி கோவிச்சுக்காது மதினி. எந்த ஊருக்குப் போனாலும் பொழுது சாய வீட்டுக்கு வந்துர்ற மனுசன். நான் கூட்டிட்டுப் போறேன்.”

அத்தை அந்த முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிவிட்டார். ராஜ்கமல் ஆட்டோ பிடிக்க ஓடினான்.