வீட்டுத் தோல் சாம்பல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் ‘தோல் மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. முதுகைத் திருப்பினால் அதுதான். கோபித்துக்கொண்டு என்ன செய்வது, அவள் எடுத்துக்கொண்ட வேலை அப்படி. மற்றவர்கள் விலை உயர்ந்த உலோக உப்புகளையும் மூக்கைத் துளைக்கும் கரைப்பான்களையும் வைத்து நடத்துகிற வினையை, பழத்தோல் சாம்பலை ஊறவைத்து வடித்த தண்ணீரையே வினையூக்கியாக ஊற்றி நடத்திக் காட்டுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

தோல் வந்தது வீட்டிலிருந்து. தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிஸ் நாற்காலியே கதி என்றிருந்த காலம். வாழைப்பழத்தைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. ஆப்பிளும் அன்னாசியும்தான், அதுவும் அளவாக. தோலை அடுப்பு மேடையிலிருந்த மூடி போட்ட டப்பாவில் சேர்ப்பது அவன் பொறுப்பு. வேறு யாரையும் தொட விடமாட்டான். “குப்பை ராணிக்குக் கப்பம் கட்டியாச்சு” என்பான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தத் தோலைக் காயவைத்து எரித்த சாம்பலில்தான் வினை நடந்தது. குடுவைக்குள் மஞ்சள் படிகங்கள் பொலபொலவென்று விழுந்த அன்று அவள் அங்கிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள். அவன் சிரித்த சிரிப்பு அவளுக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

தோல் அவன் பொறுப்பென்றால், மாத்திரை அவள் பொறுப்பு. சாப்பாட்டோடு அவன் மென்று விழுங்க வேண்டிய பெரிய வெள்ளை மாத்திரை. சாப்பாட்டிலிருக்கும் பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமல் அது பிடித்துவைக்கும். ஏறிவிட்டால் இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படியும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவன் அதை மெல்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் நகர்வாள். என்ன பார்த்து என்ன, ரத்தத்தில் அளவு இறங்கினபாடில்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அவள் பாலை நிறுத்தினாள், அம்மாவின் சமையலைக் குறை சொன்னாள், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தாள்.

ஒரு காலையில் பல் துலக்கப் போனவன் கதவருகிலேயே விழுந்தான். இதயம் நின்றுவிட்டது.

அவள் வேலைக்குத் திரும்பினாள். வேறெங்கே போவாள்? அவனோடு சேர்ந்து செய்ததென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தச் சாம்பல் ஒன்றுதான். அதை எப்படியாவது கரை சேர்த்துவிட வேண்டும் என்று கிடந்தாள். ஆனால் வினை நின்றுபோயிற்று. ஜூஸ் கடைத் தோலில் நடக்கவில்லை. அம்மா விடாமல் டப்பாவில் சேர்த்துக் கொடுத்த தோலிலும் நடக்கவில்லை. அதே கடை, அதே பழம். பழைய பாட்டிலின் அடியில் கிடந்த ஒரு பிடி சாம்பலில் மட்டும் படிகம் சமர்த்தாக விழுந்தது. “அவன் கைராசிடி” என்று அம்மா அழுதாள். இத்தனை படித்தவள், ஒரு நிமிஷம் அதை நம்பத்தான் நம்பினாள்.

பிறகு இரண்டு சாம்பலையும் உலோகம் அளக்கும் கருவிக்குக் கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொள்ளும் தோழி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“பழைய சாம்பல்ல லாந்தனம் இருக்குப்பா. எந்தப் பழத்தோல்லயும் இவ்வளவு இருக்காது. யாரோ அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. பாத்திரம் சரியாக் கழுவலையோ?”

பாத்திரம் கழுவித்தான் இருந்தது. லாந்தனம். மருந்துக்கடையில் மாதாமாதம் அந்தப் பெயரைச் சொல்லித்தானே அவள் மாத்திரை கேட்டு வாங்கினாள்.

தம்பி மென்றான், அவள் பார்த்தாள். மென்றுகொண்டே திரும்பி டப்பாவைத் திறந்தான், அதையும் பார்த்தாள். குனிந்து ஆற அமரத் தோலை அடுக்கியவனின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ந்த தோலில் திட்டுத்திட்டாக வெள்ளையாக ஒட்டியிருந்ததே, அது? பூசணம் என்று நினைத்தாள். எரித்தால் போய்விடும் என்று எரித்தாள். சாம்பல் தண்ணீரை எத்தனை முறை வடித்தாலும் லேசாகக் கலங்கலாகவே இருந்தபோதும் அவளுக்குத் தோன்றவில்லை. அவன் துப்பியதில் விழுந்த படிகத்துக்குத்தான் அவனுக்கே போன் செய்து குதித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு எதற்கென்று இப்போது புரிந்தது.

படுபாவி, ஏமாற்றிவிட்டானே என்று வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் மிச்சமிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள்.

சுவரைச் சுரண்டித் தின்றது போலிருந்தது. நாக்கில் ஒட்டியது, பல்லிடுக்கில் அப்பியது, தொண்டைக்கு அனுப்பினால் திரும்பி வந்தது. விழுங்கியே தீருவது என்று கண்ணை மூடிக்கொண்டாள். முடியவில்லை. குமட்டிக்கொண்டு வர, கைக்கு எட்டிய டப்பாவின் மூடியைத் திறந்து, அம்மா சேர்த்து வைத்திருந்த தோலின் மேல் துப்பினாள்.

“என்னடி ஆச்சு?” என்று அம்மா ஓடிவந்தாள்.

“நான் ஒரு தடவைகூட இதை வாயில போட்டுப் பாக்கலம்மா” என்றாள். “முழுங்கு முழுங்குன்னு பக்கத்துல மட்டும் நின்னேன்.”

அம்மா ஒன்றும் விளங்காமல் தண்ணீர் மொண்டு நீட்டினாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் அப்படியே நின்றாள் அவள்.