மாமியார் பெருமூச்சு விட்டால்

விடிவதற்கு முன்பே மாமியாரைச் சூடேற்றிவிட வேண்டும். மாமியார் என்பது அந்தச் சலவை ஆலையின் பெரிய தேய்ப்பு இயந்திரம். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை ஈரமாக விழுங்கி, நீராவியில் வாட்டி, மறுபக்கம் அப்பளம் போலத் துப்பும். பேர் வைத்தது அதற்குத் துணி ஊட்டும் மடிப்பக்கா. அவளுடைய சொந்த மாமியார் காலமாகி வெகுநாளாகிவிட்டதால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

மடிப்பக்கா விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியின் பாரம் தோளில் ஏறி, முதுகில் இறங்கி, முழங்காலில் குடியேறிவிட்டிருந்தது. காலி பண்ணச் சொன்னாலும் போகாத குடித்தனம். வீட்டில் கணவர் இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். இந்த வேலைதான் அந்த வீட்டின் இடுப்பு.

ஆலையில் யாருக்கும் யாரும் நின்று சொல்லிக்கொடுக்க நேரமில்லை. ஷிப்டு மாறும்போது ஒருவரையொருவர் கொட்டாவிக்கு நடுவில் பார்த்துக்கொள்வதோடு சரி. அதனால் எலக்ட்ரீஷியன் ஒரு வேலை செய்தான். ஆளும் ஒல்லி, தொழிலும் மின்கம்பி என்பதால் அவனுக்குப் பேர் கம்பி. அவன் செய்த ஏற்பாட்டின்படி, இயந்திரங்களைப் பற்றித் தெரிந்ததை அவரவர் கைப்பேசியில் பேசிவைப்பார்கள். எங்கேயாவது, பெரும்பாலும் உடைமாற்றும் அறையில், கைப்பேசிகள் பக்கத்தில் வந்ததும் அவை தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். நடுவில் பெரிய கம்ப்யூட்டர் கிடையாது, தலைமை கிடையாது.

"வம்பு பரவுற மாதிரிதான்க்கா. ஒருத்தர் லீவு போட்டா வம்பு நின்னுடுதா?" என்றான் கம்பி.

ஒரே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கேட்டவர், தான் புரிந்துகொண்டதைத் தன் குரலில் திருப்பிச் சொல்லிப் பதிய வேண்டும். பதிந்ததும் வந்த குரல் அழிந்து, சொந்தக் குரல் மட்டும் தங்கும்.

தலைமை அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கி எழுத்தாக்கி, தன் ஒரே கம்ப்யூட்டரில் போட்டு, ஆலைச் சுவரில் திரை மாட்டியது. திரையைப் படித்தே வேலை செய்ய மலிவான தற்காலிக ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது, தலை முழுக்க நரை. பேர் புதுசு.

மடிப்பக்கா பேசிவைத்தது இதுதான்: "சிவப்பு விளக்கு அணைஞ்சா மூடியைத் திற. ஆனா மாமியார் பெருமூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் கிட்ட போகாதே." சொற்களைச் சுத்தம் செய்த தலைமை அலுவலகம், மாமியாரும் பெருமூச்சும் ஒரு நிறுவனத்தின் கண்ணியத்துக்கு ஒத்துவராது என்று இரண்டாவது வரியை வெட்டிவிட்டது. திரையில் முதல் வரி மட்டும் பளிச்சென்று நின்றது. நேற்று புதுசு அதை நம்பித் திறந்தார். பெருமூச்சாக வெளியேறாமல் உள்ளே தங்கியிருந்த நீராவி வலது கையில் பாய்ந்தது.

பொழுது புலர்ந்ததும் மேலாளர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"தப்பான குறிப்பு உங்க பக்கத்திலேர்ந்துதான் வந்திருக்கு. அதனால வைத்தியச் செலவு கம்பெனி தலையில விழாது. அதைப் பேசிவெச்சது யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்கு இன்னையோட வேலை முடிஞ்சுது. மத்தவங்க பயப்பட வேணாம்."

"முழுசாத்தானே சார் கொடுத்தோம்? வெட்டினது நீங்க," என்றான் கம்பி.

"தேவையில்லாததை எடுத்தோம். எந்த நிறுவனத்துலயாவது மாமியார் பெருமூச்சு விடுவாங்களா?"

"இங்க விடுவாங்க சார். கிட்ட வந்து நில்லுங்க, கேக்கும்."

மேலாளர் ஓரடி பின்னால் போனார். "யாருன்னு மட்டும் சொல்லுங்க."

மடிப்பக்காவுக்குக் கணவரின் மாத்திரை டப்பா கண்முன் வந்து நின்றது. சொல்லாவிட்டால் எல்லோருக்கும் வில்லங்கம் என்று நினைத்து ஒரு காலை முன்வைத்தாள்.

"இருங்க தங்கச்சி," என்றார் சோப்பு மாமா. ஊறவைக்கும் தொட்டிக்காரர், கையெல்லாம் வெந்த உருளைக்கிழங்குத் தோல். தன் கைப்பேசியைத் தட்டினார். "...மாமியார் பெருமூச்சு விட்டு முடிக்கட்டும்பா," என்றது அவருடைய கரகரப்பு. "என் குரல்தான் சார். என்னை எழுதிக்கோங்க."

கம்பியும் தட்டினான். அவன் குரல். வண்டி தள்ளும் சின்னம்மா தட்டினாள்; அவள் பதிவில் மாமியாரைப் பற்றிச் சொந்த அனுபவமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. கடைசியாக மடிப்பக்கா தன்னுடையதைத் தட்டினாள். எது முதல் குரல் என்று எந்தக் கைப்பேசிக்கும் தெரியாது.

"ஒரு ஆளைக் கேட்டா கச்சேரி நடத்துறீங்க," என்றார் மேலாளர்.

"அவர் வைத்தியத்தைக் கம்பெனி பார்க்கணும்," என்றாள் மடிப்பக்கா. "வெட்டின வரி திரைக்குத் திரும்பி வரணும். யாரையும் அனுப்பக் கூடாது. அதுவரைக்கும் மாமியாருக்கு ஓய்வு."

"விருந்தாளிங்க எதுல படுப்பாங்க?"

"நாங்க படுக்கிறதுல படுக்கட்டும் சார். தரை நல்ல உறுதியா இருக்கும்," என்றார் சோப்பு மாமா.

மடிப்பக்கா விசையை இறக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. யாரும் அசையவில்லை. மாமியார் நீளமாக, அலுப்பாகப் பெருமூச்சு விட்டு முடித்தது. மேலாளரும் தன்னையறியாமல் காத்திருந்துவிட்டு, தலைமை அலுவலகத்தைக் கூப்பிட வெளியே போனார். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப்போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்கார முடிந்ததே இதுவரைக்கும் கிடைத்த ஒரே லாபம்.

வாசலில் நிழல் தட்டியது. வலது கையில் பெரிய மருந்துக் கட்டோடு புதுசு.

"உங்களை யாருங்க வரச் சொன்னது? படுக்கக் கூடாதா?" என்றாள் மடிப்பக்கா.

"வீட்ல தனியா எவ்வளவு நேரம்தான் கூரையைப் பாக்கறது அக்கா?" கம்பி தள்ளி இடம்விட்டான். புதுசு உட்கார்ந்து, இடது கையால் தடுமாறிக் கைப்பேசியை எடுத்தார். கம்பி அதையும் தங்கள் கைப்பேசிகளோடு இணைத்துவிட்டதும் முழுக் குறிப்பு வந்து சேர்ந்தது. காதில் வைத்துக் கேட்டார். பிறகு வாயருகே கொண்டுபோனார்.

"சிவப்பு விளக்கு அணைஞ்சா மூடியைத் திற," என்றார் மெதுவாக. "ஆனா மாமியார்..." கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "மாமியார் பெருமூச்சு விட்டு முடிக்கட்டும். நான் பட்டவன் சொல்றேன்."

சுற்றிலும் சட்டைப்பைகளிலும் இடுப்பிலும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன.