கேப்டன் தறியில் உட்கார்ந்த ஞாயிறு

வெள்ளிக்கிழமை என்னைத் திட்டித் தீர்த்த கேப்டன் மணிவண்ணன், ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்க்க மனைவியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காஞ்சிபுரத்தில் இத்தனை கடை இருக்க, நெய்கிறவர் வீட்டிலேயே வாங்க வேண்டும் என்று ஆசையாம்.

விமானப் பயிற்சியில் அவர் என் மூன்றாவது ஆசிரியர். முதலாமவர் வேறு வேலை கிடைத்துப் பாதியில் போய்விட்டார். இரண்டாமவர், "உனக்கு இது சரிப்படாதுமா" என்று சொல்லிவிட்டுப் போனார். பறக்க வேண்டிய மணி நேரம் எல்லாம் பறந்தாயிற்று. கடைசித் தேர்வுக்கு அனுப்ப இவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத் தடை என் கால்கள்தான்.

தரையில் ஓடும் விமானத்தை நேராக வைப்பது காலடியில் இருக்கும் இரண்டு பெடல்கள். நான் மிதித்தால் அது சாரைப்பாம்பு மாதிரி நெளியும். "கால்! கால்!" என்று அவர் கத்துவார். நான் குனிந்து காலைப் பார்ப்பேன். இன்னும் நெளியும். திங்கட்கிழமையும் இப்படியே என்றால் பெட்டியைக் கட்டிக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதேன்.

"வாங்க சார். நம்ம கலையரசி உங்களப் பத்திதான் பேசிக்கினு இருந்துச்சு" என்றார் அப்பா. என்ன பேசினேன் என்று சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

புடவை முடிவானதும் கேப்டன் தறியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் ஒரு தடவ உக்காந்து பாக்கட்டுமா?"

சொந்தத் தம்பியையே தன் தறியில் உட்கார விடாதவர் அப்பா. மகளுக்கு வேண்டிய கையெழுத்து கேப்டனிடம் மாட்டிக்கொண்டிருந்ததால் பேசாமல் எழுந்து இடம் விட்டார்.

கேப்டன் தறிக்குழிக்குள் காலை இறக்கி, அங்கே இருந்த இரண்டு மிதிகட்டைகளில் ஒன்றை அழுத்தினார். அழுத்தியபடியே இருந்தார். ஊடை நூல் சுற்றிய நாடாவை அந்தப் பக்கம் விட்டு, திரும்ப இந்தப் பக்கம் விட்டார். போன நூல் போன வழியே உருவிக்கொண்டு வந்துவிட்டது.

"மாத்தி மாத்தி மிதிக்கணும் சார்."

அவர் காலைப் பார்த்தால் கை நின்றது. கையைப் பார்த்தால் கால் நின்றது. அப்பாவுக்குப் பட்டு கெட்டுவிடும் என்ற பதற்றம். "காலு சார், காலு!" என்று கத்தியேவிட்டார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. ஆனால் மனிதருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை என் கழுத்தும் அப்படித்தான் வியர்த்தது.

"காலப் பாக்காதீங்க சார். நாடா போற எடத்த மட்டும் பாருங்க" என்றேன்.

ஐந்தாவது தடவை நூல் தங்கியது. பச்சைக் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் அப்பா என்னை மட்டும் உட்கார விட்ட தறி. என் கால்கள் இடது, வலது, இடது, வலது என்று தாமாகவே ஓடின.

"அட! ரன்வேயில புடவ நெய்யிறியாமா நீ? அங்க எதப் பாத்துக்கினு மிதிக்கிற?"

"காலத்தான் சார். நீங்கதான கால் கால்னு கத்துறீங்க."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் வாயையே திறக்கவில்லை. நான் ஓடுபாதையின் கோடியில் கண்ணை வைத்தேன். பழக்கத்தில் இடது கால் ஒரு முறை துள்ளப் பார்த்தது. கண் நகரவில்லை, காலும் அடங்கிவிட்டது. விமானம் கோடு போட்ட மாதிரி ஓடி எழுந்தது. மூன்று முறை ஏறி இறங்கினோம், மூன்று முறையும் நேர்தான். எனக்கு அழுகை வந்தது, இந்த முறை சந்தோஷத்தில்.

எஞ்சினை நிறுத்தியதும் கேப்டன் தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். எழுத்து கோணல்மாணலாகப் போனது. மடி ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். கீழே அவர் கால்கள் இடது, வலது, இடது, வலது.

"சார்," என்றேன், "காலு!"