ரோஸ் கலர் மருந்து

"அண்ணி, கையை நான் பிடிச்சுக்கறேன். நீங்க சட்டையை இழுங்க."

கொழுந்தன் பிடித்தான், அவள் இழுத்தாள். உயிரோடு இருந்தபோதே இந்த மனுஷனுக்குச் சட்டை மாட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. தையல்காரர் அல்லவா, தோளில் பிடிக்கிறது என்று கழற்றி எறிவார். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு குறையும் சொல்லாமல் கிடந்தார்.

வயிற்றில் நீளத் தழும்பு. கொழுந்தனுக்கும் உண்டு, அண்ணனுக்குக் கல்லீரலில் பாதியை அறுத்துக் கொடுத்தவன். பழைய ஈரலைத் தின்ற ஹெபடைட்டிஸ் சி கிருமி ரத்தத்திலேயே தங்கிப் புது ஈரலையும் பிடித்துக்கொண்டது. அதை ஒழிக்கத்தான் தினம் காலையில் ஒரு மாத்திரை.

"என் ஈரல்தான் அண்ணி சரியில்ல," என்றான் திடீரென்று. "கல்யாணத்துக்கு முன்னாடி நான் குடிச்ச குடி கொஞ்சமா? அழுகலைக் கொடுத்து அண்ணனைக் கொன்னுட்டேன்."

அவள் சட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். சற்றுமுன் வராந்தாவில் டாக்டர் கேட்டிருந்தார்: "மாத்திரை வேலையே செய்யல. நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது கொடுத்தீங்களாம்மா? அது இந்த மாத்திரையை உடம்புல சேர விடாது."

"இல்லையே" என்று வாய் முந்திக்கொண்டது.

கொடுத்தாள். தினமும் கொடுத்தாள். மாத்திரை போட்டால் நெஞ்சு எரிகிறது என்று அவர் முரண்டு பிடிப்பார். ரோஸ் கலர் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்து, கையோடு மாத்திரையையும் போட்டுவிடுவாள். கடையில் யார் கேட்டாலும் கிடைப்பது, அதெல்லாம் ஒரு மருந்தா என்று டாக்டரிடம் மூச்சு விடவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள், பாவி.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் இவன் ஆயுசுக்கும் வயிற்றைத் தடவிக்கொண்டு திரிவானே.

"தம்பி, உங்க ஈரல்ல ஒரு குத்தமும் இல்ல." பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவன் கையில் வைத்தாள். "நான்தான்..." என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவன் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. வெளியே மகளின் அழுகைக் குரல் நெருங்கியது.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கதவு திறந்தது. உள்ளே ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுத மகள் தலையை நிமிர்த்தி, அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "அது அப்பா மருந்துதானே, சித்தப்பா?"

"என்னுதும்மா. நெஞ்செரிச்சல்."

மூடியைத் திருகினான். ஒரு மூடி ஊற்றி, மடக்கென்று குடித்தான். பிறகு குனிந்து, அண்ணன் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினான்.