எட்டு வயதுக்கு மேல்

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். பிள்ளைகளுக்காக வரும் படங்களையும் தொடர்களையும் முன்கூட்டியே பார்த்து, எந்த வயதுக்கு மேல் காட்டலாம் என்று முடிவு சொல்வது அவள் வேலை. இத்தனை வருடங்களில் அவள் ஒரு காட்சியைக்கூட வெட்டச் சொன்னதில்லை என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. கூட வேலை பார்த்தவன் ஒல்லியாக இருந்ததால் அவனுக்கு ஊசி என்று பெயர். ஒரு நூலும் வந்து சேர்ந்தால் தையற்கடையே வைத்துவிடலாம் என்று வாசலில் இருக்கும் காவலாளி சொல்வான். அவள் கணவனோ, ஆபீசில் கார்ட்டூன் பார்த்தால் மற்றவர்களை வேலையை விட்டுத் துரத்துவார்கள், என் வீட்டுக்காரிக்குப் பதவி உயர்வு கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

அந்த வருடம் அவர்களிடம் வந்தது 'முள்மலை மகள்' என்ற தொடர். தம்பியைத் தூக்கிக்கொண்டு போன நண்டரசனைத் தேடி, பறக்க மறந்துபோன ஒரு பெரிய பறவையோடு மலை மலையாக அலையும் பெண்ணின் கதை. அழகாக வரைந்திருந்தார்கள். அடிதடிக்கும் குறைவில்லை. கோட்டை வாசல் சண்டையில் ஈட்டி பாயும், மதில் இடியும், கிழட்டுத் தளபதியின் கை முறியும்.

பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் என்றான் ஊசி. அவள் எட்டு போதும் என்றாள். ஒரு பகல் முழுக்க இதில் வாய்த்தகராறு.

"போன மாசம் அந்த முயல் படத்துக்கு எல்லா வயசும் பார்க்கலாம்னு கையெழுத்துப் போட்டியே," என்றாள் அவள். "அதுல கரடிய சுத்தியலால அடிச்சிக்கிட்டே இருக்காங்க. கரடி தட்டையாகுது, எழுந்து சிரிக்குது. அதுக்கு வலிக்கவே இல்ல. எனக்கு அதுதான் பயம். இதுல கை உடைஞ்சவன் கடைசி வரைக்கும் உடைஞ்ச கையோடதான் வர்றான். செத்தா அழறாங்க. விழுந்தவன அவ அடிக்கிறதே இல்ல, கவனிச்சியா?"

ஊசி கவனித்திருந்தான். முணுமுணுத்துக்கொண்டே எட்டுக்கு ஒப்புக்கொண்டான். தொடரும் வெளியே வந்தது. பிள்ளைகள் தெருவெங்கும் துடைப்பக் குச்சியை ஈட்டியாக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. நாலாம் வகுப்பில் படித்த ஒரு பெண், பக்கத்து இருக்கைக்காரியைக் கழிவறைக்குள் இழுத்துப்போய், தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் பாட்டிலால் தலையில் அடித்திருக்கிறாள். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. அடிபட்ட குழந்தைக்கு மண்டை பிளந்தது. இடது காதில் கேட்கும் சக்தி போய்விட்டது என்றார்கள். ஏன் அடித்தாய் என்று கேட்டபோது அந்தப் பெண் ஒரே பதில்தான் சொன்னாளாம்: நான்தான் முள்மலை மகள்.

அது போதாதா? அடித்த பெண்ணின் அப்பா டைல்ஸ் கடை வைத்திருப்பவர், நாலு பேர் மதிக்கிற ஆள். தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் நின்று கண்கலங்கினார். பூ மாதிரி இருந்த என் பெண்ணை ஒரு கார்ட்டூன் பேயாக்கிவிட்டது, இதை எட்டு வயதுக்கு அனுமதித்தவர்கள் யார் என்று கேட்டார். அடுத்த நாள் முதல் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. உன் பிள்ளையின் மண்டையை உடைத்தால் தெரியும் என்று ஒரு பெண் அவளிடம் கத்தினாள். உண்மையிலேயே தான்தான் காரணமோ என்ற நினைப்பு கத்திரிக்குச் சோற்றில் கல்லாக அகப்பட்டுக்கொண்டே இருந்தது.

மேலதிகாரி, பதினாறு என்று மாற்றிப் போட்டுவிட்டுத் தலைவலியை முடிப்போம் என்றார். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், மறுபடி முழுக்கப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள். பார்ப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த வகுப்பு ஆசிரியையைச் சந்தித்தாள்.

ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னாள். உள்ளே போனபோது எல்லாக் குழாயும் முழுசாகத் திறந்துகிடந்ததாம். தண்ணீர் இரைச்சலில் பக்கத்து வகுப்புக்குக்கூட எதுவும் கேட்கவில்லை. அடிபட்ட குழந்தை நினைவு வந்ததும் சொன்னது இது: அவள் முதலில் குழாயைத் திறந்தாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாவாடைப் பைக்குள் வைத்தாள். அப்புறம்தான் அடித்தாள். அடித்து முடித்து, குனிந்து, காதோடு காதாக ஒன்று சொன்னாள்.

"என்ன சொன்னா?"

"'பாரு, என்னை என்ன செய்ய வெச்சிட்ட'ன்னு," என்றாள் ஆசிரியை. "ஒன்பது வயசுப் பிள்ளை பேசுற பேச்சா மேடம் அது?"

கத்திரி திரும்பி வந்து தொடரை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். ஊசியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். முள்மலையில் யாரும் ஓசையை மறைத்து அடிக்கவில்லை. திறந்த வெளியில், பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டுதான் மோதினார்கள். கடிகாரம் என்ற பொருளே அந்த உலகத்தில் இல்லை. அடித்துவிட்டு, நீதான் காரணம் என்று நண்டரசன்கூடச் சொல்லவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

விளங்கியதும் அவள் அவசரப்பட்டாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தது அம்மா. தான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல குழாயத் திறந்து விடுறது யாரு?" என்று கேட்டாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் டைல்ஸ் கடைக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய வாசனைத் தைலம், பணிவான பேச்சு. காவலாளியிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் அனுமதி வாங்கினார். எல்லோரும் சாப்பாட்டு அறையில் இருந்தார்கள். அவள் மட்டும் படம் பார்க்கும் அறையில் இருந்தாள். கனத்த திரைச்சீலையும் ஒரே கதவும் உள்ள அறை அது.

என் பெண் எந்தக் காட்சியைப் பார்த்துக் கெட்டுப்போனாள் என்று நானும் பார்க்க வேண்டும், காட்டுங்கள் மேடம் என்றார். இவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே அவள் கோட்டை வாசல் சண்டையைப் போட்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சவுண்ட் கொஞ்சம் கூட்டிக்கலாமா?" என்று ரிமோட்டை எடுத்தார்.

கூட்டிக்கொண்டே போனார். ஈட்டிகளும் முரசுகளும் அறையை நிறைத்தன. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டபோது, முதல் அடி விழும் முன்பே, அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"நேத்து வீட்டுக்குப் போன் போட்டது நீதானே," என்றார்.

தாடையில் விழுந்த குத்தில் அவள் நாற்காலியோடு சரிந்தாள். வாய்க்குள் பல் ஒன்று உருண்டது. கத்தினாள். அதே நேரம் திரையில் நூறு பேர் கத்தினார்கள். அவர் அவசரப்படவில்லை. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, சுவரில் முகத்தை மோதினார். விலாவில் உதைத்தார். எங்கே உதைத்தால் வெளியே தெரியாது என்று பழகிய கால் அது. அவள் கையில் அகப்பட்ட டிபன் டப்பாவை அவர் காதோடு சேர்த்து அறைந்தாள். சோறும் குழம்பும் அந்த வெள்ளைச் சட்டையில் கொட்டின. அதற்குப் பிறகு அவருக்கு நிதானம் போனது. நாற்காலியைத் தூக்கி அவள் முதுகில் போட்டார். கை வலித்ததோ என்னவோ, நின்று மூச்சு வாங்கினார்.

"பாரு," என்றார். "என்னை என்ன செய்ய வெச்சிட்ட."

பக்கத்து அறையில் ஊசி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அலறல் அவன் காதில் விழத்தான் செய்தது. அக்கா மறுபடியும் வாசல் சண்டை பார்க்கிறாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பார்ப்பாளோ என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தானாம். இதைப் பிறகு அவனே சொல்லி அழுதான்.

எவ்வளவு கத்தினாலும் முரசுதான் ஜெயிக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. மேசைக்கு அடியில் ஓடும் வயர் கண்ணில் பட்டது. முழங்கையை ஊன்றி ஊர்ந்தாள். அவர் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவள் திரும்பி அவர் முகத்தில் உதைத்தாள். நீட்டிய அவள் இடது கையைச் செருப்புக் காலால் நசுக்கினார். விரல்கள் முறியும் ஓசையை அவள் காதால் கேட்கவில்லை, தோள்வரைக்கும் உணர்ந்தாள். வலது கையால் வயரைப் பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு இழுத்தாள்.

திரை அணைந்தது. முரசு செத்தது. அறையில் மிஞ்சியது அவள் அலறல் ஒன்றுதான்.

"கத்தாத," என்றார் அவர், தணிந்த குரலில், யாரோ தூங்குவதைப் போல.

அவள் கத்தினாள். வெளியே ஓடிவரும் சத்தம், தோள்கள் கதவில் மோதும் சத்தம். தாழ்ப்பாள் பிய்ந்து விழ, முதலில் காவலாளியும் பின்னால் ஊசியும் வந்தார்கள். எறும்பைக்கூடத் தாண்டிப்போகிறவன் ஊசி. வராந்தாவில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒரே அடியில் டைல்ஸ் கடைக்காரர் மண்டியிட்டார். இரண்டாவதில் குப்புற விழுந்தார். ஊசி நிறுத்தவில்லை. விழுந்தவரின் தோளிலும் முதுகிலும் மாறி மாறி இறக்கினான். காவலாளி அவனை இடுப்போடு கட்டித் தூக்க வேண்டியிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்ல வாய் இருந்தது. அவள் சொல்லவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றுதான் உள்ளே கேட்டது.

மருத்துவமனையில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள், விரல்களுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கணவன் கஞ்சியை உறிஞ்சுகுழலில் கொடுத்தான். இவ்வளவு வருடத்தில் முதல்முறையாக வீட்டில் என் பேச்சு எடுபடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தவன், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி தினமும் வந்தான். அந்த ஆளுக்குத் தோள் எலும்பு உடைந்திருக்கிறது, காவலோடு இதே கட்டடத்தில்தான் கிடக்கிறார் என்றான். பிறகு, "விழுந்தப்புறமும் அடிச்சேன்க்கா," என்றான். அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று அவனிடம் சொல்லக் கட்டிய வாய் வசதியாக இருக்கவில்லை. சொல்லாமல் இருக்க வசதியாக இருந்தது.

ஒரு காலையில் அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. அம்மாவின் கை, கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது. கண்ணைச் சுற்றிக் கருநீலம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது.

"நீங்க போன் போட்டப்ப அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார்," என்றாள். "நான் வெச்ச உடனே போய்க் குழாயத் திறந்துட்டார்."

கத்திரி பல்லைக் கடித்தபடியே, கம்பிக்குள்ளிருந்து மன்னிப்புக் கேட்டாள்.

"உங்க மேல கோபம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா இத்தனை வருஷத்துல என்கிட்ட அதக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்." இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறோம், போலீசிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், இனி அந்த வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை என்றாள்.

மகள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்த கை, நகங்களைக் கடித்துத் தீர்த்திருந்தாள். அந்தக் கைதான் பாட்டிலைத் தூக்கியது என்று நம்ப முடியவில்லை. முள்மலை மகளை இனிமேல் பார்க்கக்கூடாதா என்று கேட்டாள். மாமா வீட்டில் விடமாட்டேன் என்கிறார்களாம். அம்மாவும் கத்திரியைத்தான் பார்த்தாள். தீர்ப்புச் சொல்வது அவள் வேலையாயிற்றே.

"உனக்கு ஏன் அது பிடிக்கும்?" என்று கத்திரி கேட்டாள்.

குழந்தை யோசித்தாள். "அங்க அடிச்சா எல்லாருக்கும் கேக்கும்," என்றாள்.

பார்க்கலாம், அம்மாவோடு உட்கார்ந்து பார் என்றாள் கத்திரி.

அலுவலகம் தன் வழியில் முடித்தது. செய்தி பரபரப்பாக இருந்தபோது பதினாறு என்று மாற்றினார்கள். உண்மை வெளியானபோது அதைப் போடப் பத்திரிகைகளுக்கு அவ்வளவு ஆசை இல்லை, உள்பக்கத்தில் நாலு வரியோடு விட்டார்கள். பிறகு மேலதிகாரி பத்து என்று ஒரு கணக்குக்கு வந்தார். அவள் எட்டுதான் சரி என்று எழுதிக்கொடுத்தாள். இந்த முறை ஊசியும் கூடக் கையெழுத்துப் போட்டான். பத்தே நிலைத்தது. கோட்டை வாசல் சண்டையை மட்டும் அவளால் இன்னும் ஒலியோடு பார்க்க முடிவதில்லை. ஒலியைக் குறைத்துவிட்டு உருவங்கள் அசைவதைப் பார்க்கிறாள். அது தன் குறை, படத்தின் குறை அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

உடம்பு தேறியதும் அடிபட்ட குழந்தையின் வீட்டுக்குப் போனாள். ஊசிதான் பைக்கில் கூட்டிப்போனான். நான் வரவில்லை, இங்கேயே நிற்கிறேன் என்று தெருமுனையில் நின்றுகொண்டான். குழந்தைக்குக் காது கொஞ்சம் திரும்பியிருந்தது, முழுசாகத் திரும்பவில்லை. யார் பேசினாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் கேட்டது. தையல் போட்ட இடத்தில் முடி கோரையாக முளைத்திருந்தது.

குழந்தையின் அம்மா டீ கொடுத்தாள். அந்தப் பெண் பாவம்தான், அவள் வீட்டுக் கதையெல்லாம் கேள்விப்பட்டோம் என்றாள். "ஆனா இந்த வீட்டுல அவ பேரையோ அந்தப் படத்தோட பேரையோ யாரும் எடுக்கக்கூடாது. டிவியவே கழட்டி மேல போட்டுட்டோம். நான் செய்றது தப்புன்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்ல," என்றாள் கத்திரி.

குழந்தை அவளுடைய கோணலாகச் சேர்ந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து வந்து, வலிக்கிறதா என்று கேட்டது. மழை வந்தால் வலிக்கும் என்று அவள் சொன்னாள். எனக்கும் என்று குழந்தை தலையைத் தொட்டுக் காட்டியது. டீ ஆறும்வரை இருவரும் எங்கெங்கே, எப்போதெல்லாம் வலிக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அம்மா சத்தம் வராமல் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.